சிறுமலையில் ஒளித்து வைத்த மோதிரம்

எல்லோரும் சௌக்கியமா? மழை பெய்கிறதா இல்லையா என்று அதற்கே தெரியாத நாட்கள் இவை. சளி, இருமல், மூட்டுவலி எதுவும் அண்டாமல் இருக்கிறீர்களா? கஷாயம் குடிக்கிறவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம். காட்டுக்குள் போகிற கதை இது. மெதுவாகத்தான் கிளம்புவோம், முதலில் ஒரு போன் வாங்க வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அமலன் என்று ஒரு பையன். கல்யாண மாப்பிள்ளை. வலது காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடக்கிறான். வியாழக்கிழமை சாயங்காலம் அவனைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. அவள்தான் மணப்பெண். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். அன்றைக்கு அமலனின் முகத்தைப் பார்த்ததும், கால்வலியைத் தவிர வேறு ஏதோ வலியும் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன, திருடன் மாதிரி முழிக்கிற?"

அமலன் கதவைப் பார்த்தான். அடுப்படியில் அவனுடைய அம்மா ஆரோக்கியமேரி மீன் குழம்பு தாளிக்கிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா நெனைக்கிற மாதிரி அப்பா மோதிரம் மேசை டிராயர்ல இல்ல, ஜெசி."

"ஆசாரி இன்னும் தரலயா?"

"தந்துட்டாரு. மோதிரம் இப்ப மலையில இருக்கு."

ஜெசிந்தா உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். அமலனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. உலகம் முழுக்க ஆட்கள் காட்டிலும் மலையிலும் சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியே சொல்வார்கள். மற்றவர்கள் கையில் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர். வளர்ந்தவர்கள் ஆடுகிற கண்ணாமூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன அப்பாவின் மோதிரத்தை ஜெசிந்தாவின் விரலுக்கு ஏற்றபடி சிறிதாக்கி வாங்கி வரச் சொல்லி அம்மா அனுப்பினால், இந்த மகராசன் அதைச் சிறுமலையில் கொண்டுபோய் ஒளித்துவிட்டான்.

"சனிக்கிழமை உன்னையக் கூட்டிட்டுப் போயி, நீயே கண்டுபிடிக்கிற மாதிரி..." என்று இழுத்தான். "இறங்கி வரும்போது பாறையில வழுக்கிட்டேன். காலும் போச்சு, போனும் போச்சு."

"ஞாயித்துக்கிழமை நிச்சயம்."

"தெரியும்."

"பூசை முடிஞ்சதும் ஃபாதர் மோதிரத்த மந்திரிக்கணும்."

"தெரியும்டி. அம்மா அத அப்பா விரல்ல இருந்து தன் கையாலயே கழட்டுனாங்க. அதுக்கப்புறம் தன் விரல்லயே போட்டிருந்தாங்க, யாருக்கும் கொடுத்ததில்ல. உனக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

மோதிரம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவன் அத்தைமார்கள் என்ன பேசுவார்கள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். பெண் வந்து சேரும் முன்னமே பொருள் போச்சு என்பார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஆரோக்கியமேரி ஒன்றும் பேச மாட்டாள், வெறும் விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைத்தான் தாங்க முடியாது.

"செவ்வாக்கிழமை எனக்கு ஏதோ நம்பர் அனுப்புனியே, பேங்க் ஓடிபி மாதிரி ரெண்டு வரி. அதுவா?"

அமலன் தலையணையிலிருந்து எழப் பார்த்தான். "வந்துச்சா? கீழ விழறதுக்கு முன்னாடி அனுப்புனது. டவர் இல்லாம தொலஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அழிச்சிட்டியா?"

"நான் எதையும் அழிக்க மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. "எண்ணு இருக்கு. எங்க வச்ச, எப்படி வச்ச, அதச் சொல்லு."

"நெத்தி மாதிரி முன்னால துருத்திக்கிட்டு ஒரு பாறை. அதுக்குக் கீழ ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள்ள ஒரு திட்டு, அதுல ஒரு குட்டித் தகர டப்பா. அடையாளத்துக்கு வெளிய மூணு கல்ல அடுக்கி வச்சேன். ஆனா உன் போன வச்சுக்கிட்டு நீ பஸ் ஸ்டாண்டுக்கே வழி கண்டுபிடிக்க முடியாது."

அது உண்மைதான். ஜெசிந்தாவின் போன் ஆறு வருடக் கிழம். மேப்பைத் திறந்தால் அவளை எங்கோ தள்ளியிருக்கிற வேடசந்தூரில் காட்டும்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக மெகர்பானுவின் கடைக்குப் போனாள். கடை மெகரின் சொந்தமில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற செல்போன் கடையில் அவள் விற்பனைப் பெண். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள். கதையைக் கேட்டதும் மெகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ஒரு மினுமினுக்கும் போனை எடுத்து வைத்தாள்.

"இதுல கேமராவே நாலு இருக்கு."

"கேமரா வேணாம். வழிதான் வேணும்."

"கேமரா எத்தனைன்னு கேக்காத மொத கஸ்டமர் நீதான் புள்ள" என்று அதை உள்ளே வைத்தாள் மெகர். "சரி, என்னென்ன செய்யணும், சொல்லு."

"காட்டுல டவர் இருக்காது. அப்பயும் நான் எங்க நிக்கிறேன்னு காட்டணும். எங்கிட்டுத் திரும்புறேன்னு காட்டணும். வெயில்ல திரை தெரியணும், மழைத்தண்ணி பட்டாலும் விரலுக்குக் கட்டுப்படணும். சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்கணும்."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்குறப்ப இவ்வளவு விசாரிச்சியாடி?"

"விசாரிக்கல. அதான் இப்ப மோதிரத்தத் தேடுறேன்."

மெகர் இன்னும் இரண்டு போன்களை எடுத்தாள். ஒன்று மெல்லிசு, பார்க்க லட்சணம். இன்னொன்று தடிமன், ஓரமெல்லாம் ரப்பர். இரண்டையும் தூக்கிக்கொண்டு தோழிகள் தெருவுக்கு வந்தார்கள். எதிரே, கட்டடங்களின் தலைக்கு மேல், மலைக்கோட்டை தெரிந்தது. இரண்டு போனிலும் சிம் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் இரண்டிலும் நீலப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

"சிம்மே இல்லாம எப்படிடி?"

"அது டவரக் கேக்கல, மேல சுத்துற சாட்டிலைட்டக் கேக்குது. ஆனா மேப்ப மட்டும் முன்னாடியே எறக்கி வச்சுக்கணும். இல்லன்னா வெறும் சாம்பல் கலர்ல புள்ளி மட்டும் தனியா நிக்கும்."

ஜெசிந்தா மலைக்கோட்டையைக் குறியாக வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினாள். மெல்லிசுப் போனில் புள்ளி அசையவே இல்லை. அதற்குள் காம்பஸ் கிடையாது. நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும், நின்றால் தெரியாது. தடிமனான போனில் ஒரு அம்பு இருந்தது. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கோட்டையையே காட்டிக்கொண்டிருந்தது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் கோட்டை. பஸ்ஸுக்கு நின்றவர்கள், பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் பாட்டில் தண்ணீரைத் திரையில் தெளித்து, ஈர விரலால் தேய்த்துப் பார்த்தாள். கடை முதலாளி உள்ளேயிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"இதுதான்" என்றாள் ஜெசிந்தா.

பழைய போனைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினாள். மெகர் கடை வைஃபையில் சிறுமலை மேப்பை இறக்கி, அமலன் அனுப்பிய எண்களை அதில் ஏற்றிக் கொடுத்தாள். கூடவே கழுத்தில் மாட்டுகிற, முன்பக்கம் கண்ணாடி போல் தெரிகிற மழைப்பை ஒன்றும். "இது என் மொய். நாளைக்கு லீவு போட்டுட்டேன், நானும் வர்றேன். காடுன்னா எனக்குப் பயம், ஆனா நீ திரும்பி வரலன்னா நிச்சயத்துக்கு எடுத்த சுடிதார் வீணாப் போயிரும்."

சனிக்கிழமை காலை மூன்றாவது ஆளும் சேர்ந்தான். அமலனின் தம்பி லியோ, இன்ஜினியரிங் கடைசி வருடம். அண்ணனின் ரகசியம் வீட்டில் அவனுக்கு மட்டும் தெரியும். ஊரிலேயே விலை உயர்ந்த, நாலு கேமரா வைத்த போன் தன்னிடம்தான் இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்கு. ஜெசிந்தாவின் புதுப் போனை வாங்கி எடை பார்த்தான்.

"அண்ணி, இது போனா, பார் சோப்பா?"

"மேப்ப எறக்கிட்டியா தம்பி?" என்று கேட்டாள் மெகர்.

"என் போனுக்கு எங்கயும் டவர் எடுக்கும்க்கா."

மலைக்கு வெறும் சுற்றுலா என்றுதான் ஆரோக்கியமேரியிடம் சொல்லியிருந்தார்கள். அவள் வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். அமலன் கட்டிலில் கிடப்பதால் ஓட்ட ஆளில்லாமல் நின்ற காரின் கதவைத் திறந்து, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த கட்டைவிரல் உயர மாதா சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, டக் என்று பிடுங்கி எடுத்தாள்.

"அன்னைக்கு அவன் பஸ்ஸுல போனான், மாதா கார்லயே இருந்துட்டாங்க. அதான் கால ஒடிச்சுக்கிட்டு வந்தான். நீ கூடவே வச்சுக்க. பையில எங்கயாச்சும் போட்டு மறந்துறாத, நெஞ்சோட இருக்கட்டும்."

வருங்கால மாமியார் முதல் தடவையாகத் தன் கையில் கொடுக்கிற பொருள். ஜெசிந்தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெஞ்சோடு இருக்கிற ஒரே பையில், போனுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள். கண்ணாடிப் பைக்குள் முன்னால் போன், பின்னால் மாதா.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திணறித் திணறி ஏறியது. சிறுமலை ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொண்டார்கள். வனத்துறை செக்போஸ்ட்டில் சொல்லிவிட்டு, மலைவாழைத் தோட்டங்களை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். எதிரே சாக்கு மூட்டைகளைச் சுமந்துகொண்டு இரண்டு குதிரைகள் வந்தன. அவற்றுக்கு வழிவிட்டு இவர்கள்தான் சேற்றில் இறங்க வேண்டியிருந்தது. முன்னால் போன குதிரை லியோவின் வெள்ளை ஷூவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

தோட்டம் முடிந்து காடு ஆரம்பித்த இடத்தில் லியோ நின்றான். போனை உயரத் தூக்கினான். இடது பக்கம் நீட்டினான், வலது பக்கம் நீட்டினான்.

"என்ன தம்பி, கொடி ஏத்துறியா?"

"டவர் கொஞ்சம் வீக்கா இருக்குக்கா."

எட்டிப் பார்த்தார்கள். அவன் திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லாத வெளி. நடுவில் ஒரு புள்ளி, பாவமாக. வரும் வழியெல்லாம் வீடியோ எடுத்ததில் சார்ஜும் பாதிக்குக் கீழே. பார் சோப்பு என்று மெகர் முணுமுணுத்தாள்.

பாதை ஒரு புளியமரத்தடியில் இரண்டாகப் பிரிந்தது. ஜெசிந்தா நின்று போனைப் பார்த்தாள். மோதிரம் இருக்கும் இடத்துக்கு நானூறு மீட்டர். அம்பு இடது பக்கம்.

"இடது" என்றாள்.

இடதுபக்கப் பாதை முதலில் நல்லபடியாகத்தான் இருந்தது. பிறகு உண்ணிச்செடிப் புதர்கள் இரண்டு புறமும் நெருங்கி வந்தன. முள் மெகரின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. மேகம் இறங்கி மரங்களுக்கு நடுவே பஞ்சாகத் தொங்கியது. ஜெசிந்தா திரையைத் துடைத்துப் பார்த்தாள். நானூற்று ஐம்பது. நெற்றியைச் சுருக்கினாள். அம்பு இன்னும் இடது பக்கமே என்றது. புதருக்குள் ஒரு சந்து தெரிந்தது. அதில் திரும்பினார்கள். கொஞ்ச தூரத்தில், ஐந்நூறு.

"நாம கிட்டப் போறமா, தூரமாப் போறமா?" என்றாள் மெகர்.

பதில் சொல்ல ஜெசிந்தா தலையைத் தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். சந்தின் முடிவில் கறுப்பாக ஒரு பாறை. அந்தப் பாறைக்கு வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நான்கு கால்கள் இருந்தன.

காட்டுமாடு. ஒரு லாரியின் முன்பக்கம் அளவு. மூச்சுவிடும்போது மூக்கிலிருந்து புகை வந்தது. வாயில் ஒரு இலை அசைந்துகொண்டிருந்தது. அசைவது நின்றது.

"ஓடிரலாமா?" லியோவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஓடாத" என்றாள் ஜெசிந்தா, உதட்டை அசைக்காமல். "கண்ணப் பாக்காத. பின்னாலயே நட."

மெகரின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு அடி. இன்னும் ஒரு அடி. முள் முதுகில் கீறியது, யாரும் முனகவில்லை. அந்த நேரம் பார்த்து லியோவின் பாக்கெட்டில் போன் பாட ஆரம்பித்தது. அழைப்பு இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வைத்திருந்த அலாரம். குத்துப்பாட்டு. லியோ பாக்கெட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான். பாட்டு அவன் தொடைக்குள் அமுங்கி அலறியது. காட்டுமாடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டது. புஸ் என்று ஒரு மூச்சு விட்டது. பிறகு, இதையெல்லாம் எத்தனை தடவை கேட்டாயிற்று என்கிற மாதிரி, புதரை நெரித்துக்கொண்டு மறுபக்கம் நடந்து போய்விட்டது.

புளியமரத்தடிக்குத் திரும்பி வந்த பிறகுதான் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"திரும்பிப் போயிருவோம் அண்ணி" என்றான் லியோ. "உங்க போன் நம்மளக் கொல்லப் பாக்குது. என் போனாவது தெரியாதுன்னு சொல்லிச்சு, இது தெரிஞ்ச மாதிரி பொய் சொல்லுது."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் பாறையில் ஏற முடியாது. நாளைக் காலை கோயில். ஆனால் ஜெசிந்தாவை ஒரு கேள்வி போட்டுக் குடைந்தது. நேற்று கோட்டையைச் சரியாகக் காட்டிய போன், இன்றைக்கு ஏன் பொய் சொல்கிறது? பரிசோதனை நிலையத்தில் ஒரு ரத்தம் தப்பான முடிவு காட்டினால் அவள் ரத்தத்தைத் திட்ட மாட்டாள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று பார்ப்பாள்.

எழுந்து நின்றாள். நேற்று தெருவில் செய்த மாதிரி, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினாள்.

"ஆரம்பிச்சிட்டா" என்றாள் மெகர்.

"அம்பு அசையல, மெகர். நான் எங்கிட்டுத் திரும்புனாலும் என் இடது கையவே காட்டுது. இது எடத்தக் காட்டல, என்னையத்தான் காட்டுது."

"தூரம் மட்டும் கூடிச்சே?"

"அது சரியாத்தான் கூடியிருக்கு. நாம தப்பாப் போனோம், அது கூடுச்சு. புள்ளி சரி, தூரம் சரி, திசை மட்டும்தான் தப்பு. அதுக்கு ஏதோ ஆகிப்போச்சு." சொல்லிக்கொண்டே பைக்குள் பனித்திருந்த ஈரத்தைத் துடைக்கப் போனை வெளியே எடுத்தாள். அம்பு சட்டென்று புரண்டது. வலது பக்கம் காட்டியது. மறுபடி பைக்குள் விட்டாள். இடது. வெளியே எடுத்தாள். வலது.

மூவரும் பையைப் பார்த்தார்கள்.

"நான் கொடுத்த பைடி" என்றாள் மெகர், புண்பட்டவளாக. "அதுல வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கு."

"பிளாஸ்டிக் மட்டும் இல்ல" என்று ஜெசிந்தா மாதா சுரூபத்தை மெல்ல வெளியே எடுத்தாள்.

அவள் கை லியோவின் பக்கம் போனதுதான் தாமதம், அவன் இடுப்புப் பெல்ட்டின் இரும்புக் கொக்கியில் மாதா டக் என்று ஒட்டிக்கொண்டாள்.

மெகர் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாகத்துல காந்தம். கார்ல ஒட்டணும்ல. மூடுற கவர்ல காந்தம் இருந்தா காம்பஸ் கெட்டுப்போகும்னு வாரத்துக்கு ரெண்டு கஸ்டமருக்கு நானே பாடம் எடுக்குறேன். நீ காந்தத்தப் போன் முதுகுல சுமந்துக்கிட்டு வந்திருக்க."

"அத்த நெஞ்சோட வச்சுக்கச் சொன்னாங்க."

"அவிங்க மேல தப்பில்ல, மாதா மேலயும் தப்பில்ல. குடித்தனம் வச்ச எடம்தான் தப்பு."

லியோ தன் இடுப்பைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். "அண்ணி, முதல்ல மாதாவ எடுத்துருங்க. எனக்குக் கூச்சமா இருக்கு."

மாதா லியோவின் முதுகுப்பைக்குள் குடிபோனாள். மெகர் போனை வாங்கிக் காற்றில் எட்டு போட்டுச் சுழற்றினாள். கலங்கிப்போன காம்பஸ் அப்படித்தான் தெளியும் என்றாள். அம்பு இரண்டு தடவை தள்ளாடிவிட்டு வலதுபக்கப் பாதையைக் காட்டி நின்றது. ஜெசிந்தா ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அம்பு அந்தப் பாதையை விடவில்லை.

இப்போது வேகமாக நடந்தார்கள். முந்நூறு. இருநூறு. பாதை தீர்ந்து பாறைச் சரிவு வந்தது. கையை ஊன்றி ஏறினார்கள். முதல் துளி மழை போன் திரையில் விழுந்தது, ஈர விரலுக்கும் அது கீழ்ப்படிந்தது. மரங்கள் நெருங்கிய இடத்தில் நீலப் புள்ளி குதிக்க ஆரம்பித்தது. ஒரு நேரம் பள்ளத்தில் இருக்கிறாய் என்றது, ஒரு நேரம் மரத்தின் மேல் இருக்கிறாய் என்றது. ஜெசிந்தா ஓடாமல் நின்று அது அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியது. பத்து மீட்டர்.

"இதுக்கு மேல போன் வராது" என்றாள் மெகர். "இனிமே கண்ணுதான்."

நெற்றி மாதிரி துருத்திய பாறை உண்மையிலேயே இருந்தது. அதன் கீழே வெடிப்பும் இருந்தது. மூன்று கல் அடுக்கு மட்டும் இல்லை. கற்கள் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. பாறை உச்சியில் ஒரு குரங்குக் குடும்பம் உட்கார்ந்து, நாங்கள் இல்லை என்கிற முகத்தோடு பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா வெடிப்புக்குள் கையை விட்டாள். திட்டு இருந்தது. துழாவினாள். ஈரப்பாசி, சருகு, வெறும் கல். டப்பா இல்லை.

அவள் கையை வெளியே எடுக்கவே இல்லை. முகத்தைப் பாறையில் சாய்த்தபடி அப்படியே நின்றாள். மழை அவள் முதுகில் விழுந்தது.

"அண்ணி" என்றான் லியோ. முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. "தள்ளுங்க. குரங்கு தூக்கிட்டுப் போயிருந்தா மூடியப் பிச்சுப் போட்டிருக்கும். இங்க எதுவும் கெடக்கல. உள்ளதான் விழுந்திருக்கணும்."

தன் போனைத் துடைத்து, விளக்கைப் போட்டு, கேமராவை ஓட விட்டு, கையோடு வெடிப்புக்குள் இறக்கினான். வெளியே எடுத்து மூவரும் தலை முட்டப் பார்த்தார்கள். இருட்டு, கல், வேர். அப்புறம் ஆழத்தில், வெடிப்பின் அடியில், சதுரமாக ஒரு மினுக்கு.

"இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"நாலு கேமராவும் வீண் இல்லல்ல அண்ணி?"

"வீண் இல்ல தம்பி" என்று மெகரே ஒத்துக்கொண்டாள். அந்தப் பெருமையோடு லியோவின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

இருப்பது தெரிந்துவிட்டது. எடுப்பது எப்படி? லியோவின் கை நீளம் போதவில்லை. குச்சியை விட்டால் டப்பா இன்னும் உள்ளே நழுவுகிற சத்தம் கேட்டது, உடனே நிறுத்தினார்கள். மூன்று பேரும் மழையில் நனைந்தபடி அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசிந்தாவின் கண் மெல்ல லியோவின் பெல்ட் கொக்கிக்குப் போனது.

"டப்பா தகரம்" என்றாள்.

மெகருக்கும் அதே நேரத்தில் விளங்கிவிட்டது. "ஆத்தி" என்றாள்.

லியோ குனிந்து தன் வெள்ளை ஷூவின் இரண்டு லேஸையும் கழற்றி ஒன்றாக முடிந்தான். ஜெசிந்தா மாதாவை வெளியே எடுத்தாள். கழுத்தைச் சுற்றிக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "மன்னிச்சிருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அங்கியோடு சேர்த்து இடுப்பில் இரட்டை முடிச்சுப் போட்டாள். மெல்ல மெல்ல வெடிப்புக்குள் இறக்கினாள். கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் இல்லை. கொஞ்சம் இடது. ஒன்றும் இல்லை. கொஞ்சம் வலது.

டக்.

அந்தச் சத்தத்தைவிட இனிமையான சத்தத்தை மூவரும் அதுவரை கேட்டதில்லை. ஜெசிந்தா மூச்சுவிடாமல் இழுத்தாள். பாதியில் டப்பா ஒரு வேரில் இடித்துக்கொண்டு நழுவி விழுந்தது. மெகர் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெசிந்தா மறுபடி இறக்கினாள். மறுபடி டக். இந்தத் தடவை லேஸை அங்குலம் அங்குலமாக, கொதிக்கிற பாலைத் தூக்குகிற பதத்தில் தூக்கினாள். விளிம்பில் தகரத்தின் முனை தெரிந்ததும் லியோ இரண்டு விரலால் கவ்வி எடுத்தான்.

பெப்பர்மின்ட் டப்பா. மூடியைத் திறந்தாள். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் மோதிரம், ஆசாரி புதிதாக மெருகு போட்ட பளபளப்போடு. பக்கத்தில் ஒரு தேன்மிட்டாய், எறும்பு ஏறாமல் காகிதத்தில் சுற்றி. அது அவள் வாயைத் திறந்தால் கேட்கிற மிட்டாய். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே அழுதாள், இல்லை அழுதுகொண்டே சிரித்தாள். மழையில் யாருக்குத் தெரிகிறது?

கிளம்பும்போது வெற்று டப்பாவை அவள் அங்கே விடவில்லை. குரங்குகளுக்கு வேண்டுமென்றால் கல் இருக்கிறது.

மேட்டுப்பட்டிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஆரோக்கியமேரி வாசலிலேயே நின்றாள். சேற்றையும் கீறல்களையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். லியோ லேஸ் இல்லாத ஷூவை இழுத்துக்கொண்டு வந்தான். கடைசியில் அவள் பார்வை ஜெசிந்தாவின் கையிலிருந்த சுரூபத்தில் நின்றது.

"மாதா இடுப்புல என்னம்மா ஷூ லேசு?"

மெகர் ஏதோ பொய் சொல்ல வாயைத் திறந்தாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் நெஞ்சோடு வைத்துக்கொள் என்று கொடுத்த பொருளை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? எல்லாவற்றையும் சொன்னாள். மலை, எண், போன், காந்தம், காட்டுமாடு, வெடிப்பு. பாறையில் வழுக்கின கதைக்கு வந்தபோது உள்ளே கட்டிலில் போர்வை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

ஆரோக்கியமேரி மோதிரத்தை வாங்கித் தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு முந்தானையில் துடைத்து ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாத்தியா, மாதா கைவிடல."

"அம்மா, வழிய மாத்தி விட்டதும் அவிங்கதான்" என்றாள் மெகர், சும்மா இருக்க முடியாமல்.

"கெணத்துக்குள்ள வாளி விழுந்தா எடுக்குறவங்கள, ரோட்டுல வழி சொல்லச் சொன்னா எப்படி?" என்றாள் ஆரோக்கியமேரி. பிறகு உள்ளே போனாள். மாவுக்கட்டுப் போட்ட காலை விட்டுவிட்டு மற்ற இடங்களில் அமலனுக்கு நாலு விழுந்தது. தெருமுனை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மோதிரம் மந்திரிக்கப்பட்டது. ஜெசிந்தாவின் விரலில் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தபோது ஆரோக்கியமேரி அவளைத் தனியே கூப்பிட்டு, மாதாவைத் திரும்பவும் கையில் கொடுத்தாள். இடுப்பில் லேஸ் அப்படியே இருந்தது.

"இனிமே இது காருக்கு வேணாம். உங்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இந்தப் பையில மாதா, அந்தப் பையில போன். ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க, ஒரே ரூம்ல போடக்கூடாது."

அவ்வளவுதான். நல்ல போனாகப் பார்த்து வாங்குவது பாதி வேலை, அது ஏன் இப்படிச் சொல்கிறது என்று நின்று கேட்பது மீதிப் பாதி. நீங்களும் மலைக்கோ காட்டுக்கோ போய், கையிலிருந்த போன் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக அலைந்திருப்பீர்கள். எங்கே போனீர்கள், எந்தப் போன் காப்பாற்றியது, எது காலை வாரியது, பையில் கூட என்ன வைத்திருந்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். கஷாயம் ஆறிவிட்டிருந்தால், சூடு பண்ணிக் குடித்துவிட்டே எழுதுங்கள்.